எட்டி மரத்தடியில் ஒரு மந்தி

மூன்று நாள் காய்ச்சலில் மந்தியின் குட்டிக்குப் பிடி தளர்ந்துவிட்டது. எப்போதும் தாயின் மார்பைப் பற்றியிருந்த கைகள் தொங்கிப்போயின. எந்தப் பச்சிலைக்கும் காய்ச்சல் கேட்கவில்லை. கடைசியில், விஷமென்று காடே ஒதுக்கிவைத்த எட்டி மரத்திடம் வந்து நின்றது மந்தி.

“எட்டியண்ணே, உன் பட்டை எப்பேர்ப்பட்ட காய்ச்சலையும் தீர்க்குமாமே?”

“தீர்க்கும் தாயி. போன மாசம் ஒரு குட்டி பிழைச்சு, என் கொம்பிலேயே ஊஞ்சலாடிட்டுப் போச்சு. அதே அளவு தின்ன அதோட தங்கச்சி, என் வேரடியிலேயே அடங்கிப்போச்சு.”

“என் பிள்ளை எந்தப் பக்கம் அண்ணே?”

“அது தெரிஞ்சா நான் சொல்லமாட்டேனா?”

“கொடுக்காம விட்டா?”

மரம் குட்டியைப் பார்த்தது. “பொழுது சாயுற வரைக்கும் தாங்காது தாயி.”

மந்தி வானத்தை அண்ணாந்து பார்த்தது. ‘கடவுளே, நீயாவது ஒரு பக்கம் சொல்லிவிடு’ என்று மன்றாடியது. ஓர் இலைகூட அசையவில்லை.

நகத்தளவு பட்டையை உரித்துக் கல்லில் நசுக்கி, விரலில் எடுத்தது. குட்டி மெல்லக் கண் திறந்தது.

“ரொம்பக் கசக்குமா அம்மா?”

“கொஞ்சந்தான் கண்ணு.”

குட்டி வேறொன்றும் கேட்காமல் வாயைத் திறந்தது.