பிரின்ஸ்டன் குதிக்கிறான்

உச்சிவெயிலில் மிளகாய் வத்தல் காயும் களத்தோரம், வேப்பநிழலில் உட்கார்ந்து எபநேசர் செல்போனில் கேம் ஆடுகிறான். துப்பாக்கியோடு ஓடிவரும் உருவத்தின் தலைமேல் பிரின்ஸ்டன் என்ற பெயர் மின்னுகிறது. போன ஐப்பசியில் பருத்திக்காட்டில் இடி விழுந்து செத்த கூட்டாளி அவன். எபநேசர் எடுத்துக் கொடுத்த புதுச் சட்டையோடுதான் பெட்டிக்குள் வைத்தார்கள். “எங்கண்ணன் பேருல்லா இது?” வத்தலைக் கிளறிக்கொண்டிருந்த சபிதா குனிந்து பார்க்கிறாள். “ஆடுத ஆளு கொறஞ்சா, விட்டுப்போனவன் பேருல கம்பெனிக்காரனே பொம்மைய எறக்கி விடுதான். காசு புடுங்கத்தான்,” என்கிறான் எபநேசர். அந்த உருவம் ஒரு வீட்டு வாசலில் நின்று, நுழையுமுன் இரண்டு தடவை குதிக்கிறது. இதே கேமில் ஆடும்போது பிரின்ஸ்டன் அப்படித்தான் குதிப்பான். களத்தில் காற்றே இல்லை. உருவம் திரும்பி வந்து எபநேசரையே பார்த்தபடி நிற்கிறது. கீழே எழுத்து வருகிறது: ‘உங்கள் நண்பனுக்கு ஒரு புதுச் சட்டை வாங்கித் தாருங்கள்.’ எபநேசர் திரையை விட்டு விரலை எடுக்கிறான். “அன்னைக்கே எடுத்துக் குடுத்துட்டேன்லே,” என்கிறான், அதனிடம்.