ஏழாவது வாளி

பழைய ஊமைச் சிரிப்புப் படங்களின் ரசிகர் சங்கத்தில் உறுப்பினர்கள் இருபத்துமூன்று பேர். தலைவரின் மனைவி அந்த எண்ணிக்கையில் வரமாட்டாள். கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவருகிறவளை எந்தச் சங்கம் தலைக்கணக்கில் சேர்த்திருக்கிறது?

அவள் விழுந்ததை மட்டும் கணக்கு வைத்திருந்தார்கள்.

“இந்த வருஷத்துல ஆறு தடவை,” என்றார் பூட்டுக்கடைக்காரர். “தட்டோட தடால்! பேசிக்கிட்டிருக்கிற விஷயமே கலைஞ்சு போயிடுது. செயலாளரே, தீர்மானம் எழுதுங்க. அண்ணி இனிமே ஹாலுக்குள்ள வர வேண்டாம். தேநீரை வாசல்லயே வெச்சிட்டுப் போகட்டும்.”

செயலாளர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். மறுபேச்சில்லாமல் எழுதினார். நூறு வருடங்களுக்கு முன் விழுந்தவர்களைப் பக்தியோடு ஆராய்கிற அந்த அறையில், கண்ணெதிரே விழுகிறவள் ஒரு தொந்தரவு. அவருக்கும் அப்படித்தான் பட்டது. கூட்டம் முடியும்போது வாசித்து நிறைவேற்றுவதாக ஏற்பாடு.

அன்றைய உரையும் அவருடையதுதான். தலைப்பு: ‘விழுவது எப்படி?’

“உண்மையா விழறவன் பதறிப்போய்க் கையை ஊனுவான்,” என்றார். “மணிக்கட்டு போயிடும். வாரத்துக்கு நாலு பேர் அப்படித்தான் என்கிட்ட வர்றாங்க. நம்ம நடிகருங்க கையை நெஞ்சோட மடக்கிக்குவாங்க. தோளை உருட்டி, உட்கார்ற மாதிரி இறங்குவாங்க. கையைப் பாருங்க, நிஜமா, நடிப்பான்னு தெரிஞ்சிடும்.”

நல்ல கைதட்டல். காலிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த தலைவரின் மனைவி மட்டும் கைதட்டவில்லை. செயலாளரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

அடுத்தது கேள்வி நேரம். தலைவரிடம் யார் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். அவர் நினைவிலிருந்தே பதில் சொல்ல வேண்டும். ஒரு பதில் தவறினாலும் நாற்காலியை விட்டு இறங்கிவிட வேண்டும். இருபது வருடங்களுக்கு முன் அந்த விதியை எழுதியவர் தலைவர்தான். அந்த நாற்காலிதான் அவருக்கு உயிர். பூட்டுக்கடைக்காரருக்கு அதன்மேல் நெடுநாளாகவே ஒரு கண்.

“தலைவரே, குண்டனும் ஒல்லியும் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற படம். சுண்ணாம்பு வாளி இன்ஸ்பெக்டர் தலையில எத்தனை தடவை கவிழுது?”

“ஆறு! இதெல்லாம் ஒரு கேள்வியா?” என்றது பின்வரிசை.

“நீங்க சும்மா இருங்கப்பா. கேள்வி உங்களுக்கில்ல.”

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

“அந்தப் படத்துல… ஒரு ஏணி வரும்…”

“ஏணி வரும், தலைவரே. வாளி எத்தனை?”

தலைவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார். பூட்டுக்கடைக்காரர் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார்.

தடால்!

தட்டு ஒரு பக்கம், தகரக் கோப்பைகள் நாலு பக்கம், நடுவில் தலைவரின் மனைவி. அறை அதிரச் சிரித்தது.

“ஏழாவது!” என்று யாரோ எண்ணினார்.

செயலாளர் சிரிக்கவில்லை. அவர் அவளுடைய கையைப் பார்த்திருந்தார். கை நெஞ்சோடு மடங்கியிருந்தது. தோள் உருண்டது. உட்கார்வதுபோல் இறங்கியிருந்தாள்.

சட்டென்று அவருக்கு உறைத்தது. ஏற்கெனவே ஆறு தடவை விழுந்தவள், ஒரு தடவைகூட எக்ஸ்ரே அறைப்பக்கம் வந்ததில்லை. சூடான தேநீரோடும் ஒருநாளும் விழுந்ததில்லை. காலிக் கோப்பைகளோடு, கேள்வி நேரத்தில் மட்டும்.

தூக்கிவிடப் போனார். அவருக்கு முன்பே தலைவர் வந்து குனிந்திருந்தார். எங்கே வலிக்கிறது என்று அவள் சொல்வதாகத்தான் இத்தனை நாளும் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அவள் கணவரின் காதில் சொன்னது செயலாளருக்கும் கேட்டது.

“ஏழு. கடைசி வாளி அலமாரிக் கண்ணாடியில மட்டும்தாங்க தெரியும்.”

நிமிர்ந்தவள் செயலாளரைப் பார்த்தாள். அவர் கேட்டுவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. முகம் வெளுத்தது.

தலைவர் நாற்காலிக்குத் திரும்பினார். குரல் பழைய கம்பீரத்தோடு வந்தது.

“ஏழு. எல்லாரும் ஆறுன்னுதான் எண்ணுவாங்க. ஏழாவது வாளி அலமாரிக் கண்ணாடியில மட்டும்தான் தெரியும்!”

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. செயலாளர் குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: ‘தலைவரின் மனைவி தவறி விழுந்தார்.’ அதற்கு அடுத்த வரி: ‘தலைவர் சரியான விடையளித்தார்.’ ஆறு கூட்டங்களிலும் அதே இரண்டு வரிகள், அதே வரிசையில்.

பூட்டுக்கடைக்காரர் எரிச்சலோடு எழுந்தார். “அந்தத் தீர்மானத்தை முதல்ல வாசிங்கய்யா.”

தட்டைப் பிடித்திருந்த அவள் அசையாமல் நின்றாள்.

“தீர்மானம் எதுக்கு?” செயலாளர் அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “விழட்டும், விடுங்க. சிரிப்புப்பட சங்கத்துல ஒருத்தராவது விழ வேண்டாமா?”

அறை மறுபடியும் சிரித்தது. “உங்களுக்கு ஈவிரக்கமே இல்ல சார்!” என்று பின்வரிசை பாராட்டியது.

அதன்பிறகு இரண்டு வருடங்கள் அவள் தேநீர்த் தட்டோடு வந்தாள். பதினொரு முறை விழுந்தாள். ஒவ்வொரு முறையும், அவள் குரல் வேறெவர் காதிலும் விழாதபடி, அறையிலேயே உரக்கச் சிரித்தவர் எக்ஸ்ரே எடுப்பவர்தான். அவளுக்கு ஓர் எலும்பும் முறியவில்லை. தலைவர் கடைசிவரை தலைவராகவே இருந்தார். உறுப்பினர்கள் இருபத்துமூன்று பேராகவே இருந்தார்கள்.