துப்பாக்கி எடுக்க மாட்டோம்

"உள்ளே என்ன சார்?" தாரணி வழக்கம்போலத்தான் கேட்டாள்.

"துப்பாக்கி."

தி.நகர் கூரியர் ஆபீஸில் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"ஏர் கன்னும்மா. கூட ஒரு டப்பா குண்டு. என் பேரு பொன்னுரங்கம், மயிலாப்பூர்ல விளையாட்டுச் சாமான் கடை வெச்சிருக்கேன். இது திருச்சிக்குப் போவணும்" என்று நீளமான அட்டைப்பெட்டியைக் கவுண்டரில் வைத்தார்.

தாரணி பெட்டியைத் தொடவில்லை. அவள் வீட்டில் டிகிரி முடித்து வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

"சார், துப்பாக்கி, தோட்டா எதுவும் நாங்க எடுக்கறதில்ல. கம்பெனி ரூல்."

"இன்னாம்மா ரூலு? இதுக்கு லைசென்ஸே வேணாம். வீடியோல காட்டி, பணமும் வாங்கிட்டேன். ஆளு போன் மேல போன் போட்டுக்கினு கீறாரு."

"வாங்கறதுல தப்பில்ல சார். ஆனா எங்ககிட்ட அனுப்ப முடியாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இனிமே கடை பார்சல் எல்லாம் இங்கதான்னு நெனச்சு வந்தேன்."

"மன்னிச்சுக்குங்க சார். முடியாது."

"ஏம்மா, நான் ஊறுகாய்தான் அனுப்பறேன். என்னையாவது விடு" என்றார் பின்னால் நின்றவர். நாலு பேர் சிரித்தார்கள்.

சத்தம் கேட்டு மேனேஜர் சுரேஷ்குமார் வந்தார். விஷயம் தெரிந்ததும் அலுத்துக்கொண்டார்.

"இதுக்கா இவ்ளோ கலாட்டா? பொம்மைன்னு போட்டு புக் பண்ணு தாரணி."

"என் ஐ.டி.லதானே சார் போகும்..."

"ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. டார்கெட்டை யாரு முடிப்பா?"

பொன்னுரங்கம் குறுக்கே புகுந்தார். "அதெல்லாம் வேணாம். பொய் எழுதி என் பொருள் போவக் கூடாது. துப்பாக்கின்னே போடு. எடுத்தா எடு, இல்லாட்டி முடியாதுன்னு கம்ப்யூட்டர்ல அமுக்கு."

"சார், நான் உங்களுக்குத்தான் ஹெல்ப் பண்றேன்" என்றார் மேனேஜர்.

"நீ பண்ண வேணாம் நைனா."

மேனேஜருக்கு முகம் சிவந்தது. தாரணி பக்கம் திரும்பினார். "வந்த கஸ்டமர் போனாருன்னா, உன்னை நிரந்தரம் பண்றதைப் பத்தி நானும் யோசிக்க வேண்டியிருக்கும். உன் இஷ்டம்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தாரணி திரைப் பக்கம் திரும்பினாள். கம்ப்யூட்டரில் 'ஏர் கன்' என்று அடித்தாள். திரை சிவப்பானது. தடைசெய்யப்பட்ட பொருள். ஏற்க இயலாது.

ஒரு நொடி தயங்கினாள். பிறகு 'நிராகரி' பட்டனை அழுத்திவிட்டாள். அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் பார்சல் ஏற்கப்படவில்லை என்று ஒரே நேரத்தில் மெசேஜ் போனது.

அடுத்த நிமிடமே பொன்னுரங்கத்தின் போன் அடித்தது.

"ஆமா சார், எனக்கும் வந்துச்சு. நான் இன்னா சார் பண்றது? உங்க கண்ணு முன்னாடி வீடியோல பேக் பண்ணேன். கூரியர்காரங்க தொட மாட்டேன்றாங்க. திட்டாதீங்க சார், உங்க பணம் இப்பவே திரும்பி வந்துடும்."

போனைப் பையில் போட்டார். தாரணி பெட்டியை அவர் பக்கம் மெதுவாக நகர்த்தினாள்.

"என்னால உங்க வியாபாரம் போச்சு. சாரி சார்."

பொன்னுரங்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பக்கத்தில் குனிந்தார். குரல் தணிந்திருந்தது.

"காலைலேர்ந்து இந்த ஏரியா பூரா ஏறி எறங்கிட்டேம்மா. போற எடமெல்லாம் பொம்மைன்னு எழுதி எடுத்துக்கறேன்றாங்க. முடியாதுன்னு சொல்ல ஒரு ஆளு கெடைக்கல."

"முடியாதுன்னு சொல்றதுக்கா சார் ஆள் தேடினீங்க?"

"நானா அனுப்ப மாட்டேன்னா வாங்கினவனுக்குச் சந்தேகம் வந்துடும். நேத்து அவன் பொண்டாட்டி திருட்டுத்தனமா போன் பண்ணுச்சு. 'அண்ணே, குடிச்சா அவரு என்னையும் புள்ளைங்களையும்தான் குறி வெப்பாரு. நான் சொன்னேன்னு தெரியாம எப்படியாவது நிறுத்திடுங்க'ன்னு அழுதுச்சும்மா."