வாசலில் இரண்டு ரீடர்கள்

நாற்பத்தாறு மணி நேரமாகக் கிடங்கு வாசலில் இரண்டு ஆர்.எஃப்.ஐ.டி. ரீடர்கள் சோதனைக்குத் தொங்கின. கடந்துபோகும் பெட்டிகளில் ஒட்டிய டேக் என்னும் அடையாளச் சில்லை அலை வீசிப் படித்து எண்ணும் கருவிகள். மாலைக்குள் கிடங்கின் கணினிப் பொறுப்பாளர் தமயந்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நகத்தைக் கடித்தபடி வாசலுக்கும் கணினிக்குமாக நடந்தாள். விலை கூடியது எல்லாவற்றையும் படித்தது. மலிவானது சுமைதூக்கும் சவரிமுத்துவின் பெட்டிகளை மட்டும் படிக்கவில்லை.

"அவன் பெட்டி மட்டும் எங்கம்மா போவுது?" என்றார் முதலாளி.

"எங்கயும் போகல சார். மத்தவங்க தோள்ல வைக்கிறாங்க. அவரு நெஞ்சோட அணைச்சுக்கிறாரு, உடம்பு அலையை மறைச்சிடுது. விலை கூடின ரீடர்னா..."

"ஒருத்தனுக்காக அவ்ளோ விலையா? சவரி, தோள்ல வை."

"கொழந்த மாதிரி தூக்குனாதான் உள்ள இருக்குற கண்ணாடி உடையாது மொதலாளி." சவரிமுத்து சிரித்தார். இரண்டு நாளாக அவளிடமும் இதையேதான் சொன்னார்.

"தோள்ல தூக்காதவனுக்கு இங்க என்னடா வேல? வை."

அவர் பெட்டியை மெல்லக் கீழே இறக்கினார். முதலாளியைப் பார்க்காமல் தமயந்தியைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு வருசமா இந்தக் கை நெஞ்சுக்கு மேல எழும்பல தாயி."