மெஷின் ரிப்பேர்

“ஐயோ! என்னால முடியல! யாராவது கையைப் பிடிங்கப்பா!”

கூட்ட அறை மேசைமேல் மல்லாந்து கிடந்து அலறினார் குவாபரா. சோயா சாறு ஆலையின் விற்பனைப் பிரிவுத் தலைவர், ஐம்பத்தாறு வயது. கணக்காளர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் மூணுலதான் சார் இருக்கு. பத்து வரைக்கும் போகும்,” என்று மெஷினை நிறுத்தினார் டாக்டரம்மா நிஷிவாகி.

மாதவிலக்கு வலி எப்படி இருக்கும் என்று ஆண்களுக்குக் காட்டுகிற மெஷின் அது. அடிவயிற்றில் இரண்டு பட்டைகளை ஒட்டி மின்சாரம் விடுவார்கள். ஆலையின் ஆண்கள் எல்லாரும் வரிசையில் நின்றிருந்தார்கள். குவாபராவின் அலறலில் வரிசை கலைந்துவிட்டது.

குவாபரா எழுந்து உட்கார்ந்தார். “இதுல ஏதோ தப்பு இருக்கு. என் பொண்டாட்டி வெந்நீரைக் குடிச்சிட்டு அவபாட்டுக்கு வேலையைப் பாக்குறா. ஒரு பொண்ணுக்கு வெச்சுப் பாருங்க, தெரியும். சயோரி, நீங்க வாங்க.”

போன வாரம், அவர் பிரிவில் வேலை பார்க்கும் சயோரி மாதவிலக்கு வலி என்று லீவு கேட்டபோதும் அவர் இதே வெந்நீரைத்தான் சொன்னார்.

“போ, அப்படியே டாக்டர்கிட்ட உன் வலியையும் சொல்லு,” என்று முதுகில் தள்ளினாள் பக்கத்து இருக்கை தமாயோ.

“வேணாம்டி. எங்க சித்தி சொல்லித்தான் மாட்டிக்கிட்டாங்க. கருப்பைக்கு உள்ள இருக்கவேண்டிய படலம் வெளிய வளருதான்னு பாக்க, மயக்கம் கொடுத்து, வயித்துல ஓட்டை போட்டு, கேமராவை விட்டாங்க. கண்டுபிடிக்கறதுக்கே கத்தி! எனக்கு வர்றது எல்லாருக்கும் வர்றதுதான்.”

மேசையில் படுத்தாள். ஆகஸ்ட் மாதப் புழுக்கம். வலிக்கு இதமாகச் சட்டைக்கு அடியில் வயிற்றில் ஒட்டியிருந்த சூட்டுப்பட்டையைப் பிய்த்து ஓரமாக வைத்தாள். அந்த இடத்தில் தோல் நாள்பட்ட சூட்டில் பழுப்பேறி, வலை விரித்தாற்போல் இருந்தது. டாக்டரம்மா ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு மெஷினின் பட்டைகளை ஒட்டிக் குமிழைத் திருகினார்.

மூன்று. ஐந்து. எட்டு.

“போட்டுட்டீங்களா?” என்று கேட்டாள் சயோரி.

அறையே சிரித்தது. பத்து. அவள் ஒரு கையை ஊன்றி எழுந்து, மதியம் மிச்சம் வைத்த சோற்றுருண்டையைக் கேட்டு வாங்கிக் கடித்தாள்.

“பாத்தீங்களா! மெஷின் ரிப்பேர்!” குவாபராவுக்குப் போன மானம் திரும்பி வந்துவிட்டது. “நான் கத்துனது வலியில இல்ல. ஷாக் அடிச்சுது.”

டாக்டரம்மா பட்டைகளைக் கழற்றித் தன் முன்கையில் ஒட்டிக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குமிழைத் தொட்டார். உடனே அணைத்தார்.

“ஸ்க்ரூ டிரைவர் இருக்கு டாக்டரம்மா. பிரிச்சுப் பாத்துடலாமா?” என்றார் குவாபரா.

“எடுத்த எடுப்புலயே பிரிக்க வேண்டாம் சார். அதெல்லாம் அந்தக் காலம். முதல்ல உக்கார வெச்சு நாலு கேள்வி, அப்புறம் ஒரு ஸ்கேன். பெரும்பாலும் அதுலயே பிடிபட்டுடும்.”

“மெஷினுக்கா ஸ்கேன்?”

டாக்டரம்மா சூட்டுப்பட்டையை எடுத்துச் சயோரியின் கையில் வைத்தார்.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு.”