மூட வேண்டிய கதவு

புகை கிளம்பியதுமே ஹார்லன் மண்டியிட்டுத் தவழத் தொடங்கினார்.

ஹூஸ்டனில் ஒரு பெரிய கொட்டகைக்குள் பயிற்சிக்காகக் கட்டிய விண்கல மாதிரி அது. தீப்பிடித்தால் நான்கு பேரும் முன்முனையிலுள்ள அறைக்குள் புகுந்துவிட வேண்டும். அபாய மணி ஓய்ந்ததும் கமாண்டர் கதவை அடைக்க வேண்டும். வெளியே யார் இருந்தாலும் சரி. ஒருவருக்காக நின்றால் நால்வரும் சாவார்கள்.

இதற்கு முன் இரண்டு முறை கமாண்டர் மூடாமல் நின்றுவிட்டார். இரண்டு முறையும் பின்தங்கியவர் ஹார்லன்தான். சுவாச முகமூடிகளை எடுக்க அவரைத்தான் கடைக்கோடிக்கு அனுப்புவார்கள்.

"அது உங்க வீட்டு வாசக்கதவு இல்ல கமாண்டர்!" என்று பயிற்சியாளர் ரூடி கத்தியே விட்டார். "இன்னிக்கும் மூடலேன்னா ஆளை மாத்திடுவாங்க."

ஹார்லனுக்கு அறுபத்தேழு வயது. குளிர்பதன லாரிகள் விட்டுச் சம்பாதித்தவர். பலூனில் பெருங்கடல் தாண்டியவர். அலாஸ்காவில் விமானம் விழுந்து, ஒடிந்த கையோடு பனியில் நடந்தே ஊர் சேர்ந்தவர்.

விண்வெளிக்குப் போக அவர் பணம் கட்டியபோது, பயணத்தை நடத்தும் நிறுவனம் வேறு கமாண்டர்களின் பெயரையும் சொல்லிப் பார்த்தது. அவர் காதில் வாங்கவில்லை.

"இவங்க கூட்டிட்டுப் போனா போறேன். இல்லேன்னா லாரியே போதும்."

அதே மனிதர் இன்று காலை, டாக்கோ ரொட்டியைக் கடித்தபடி கமாண்டரிடம் சொன்னார்: "இன்னிக்கும் எனக்காக நின்னா, மத்தியானமே மூட்டை கட்டிடுவேன்."

கமாண்டர் தட்டைத் தள்ளி வைத்தார். காபியையும் தொடவில்லை.

இப்போது புகைக்குள் முழங்கால்கள் எரிந்தன. மெதுவாகப் போனால் கமாண்டருக்குக் கதவை மூடுவது சுலபமாகிவிடும். அவர் அப்படிப் போகவில்லை. உயிரைப் பிடித்துக்கொண்டு வருபவன் போலவே வந்தார்.

மணி ஓய்ந்தது.

கதவு ஒரு கை தூரத்தில்தான் இருந்தது. இடுக்கில் கமாண்டரின் கண்கள் தெரிந்தன. அவை அவரை நேராகப் பார்த்தன.

கதவு மூடியது.

தாழ் விழுந்த அதிர்வு உள்ளங்கையில் ஏறியது. அலாஸ்காப் பனியிலும் வராத ஒரு வெறுமை நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

உள்ளே கமாண்டர் மற்ற இருவரையும் பெயர் சொல்லி அழைப்பது கேட்டது. குரலில் பிசிறு இல்லை.

ஹார்லன் முகமூடிக்குள் சிரித்தார். இனிமேல் தைரியமாகப் போகலாம்.

புகை வடிந்ததும் ரூடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

கமாண்டர் வெளியே வந்து, ஹார்லன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். இரண்டு முறை இழுத்தும் கையுறை கழலவில்லை. ஹார்லன்தான் கழற்றிவிட்டார்.

அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"அம்மாகிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்கப்பா."