அரைக்கட்டை இறக்கம்

நடனக் கூடத்தில் பிற்பகல் ஆட்டம் களைகட்டியிருந்தது. ஓடிக்கொண்டிருந்த டார்க் டிரான்ஸ் என்ற அதிரடி நடனப் பாட்டோடு அடுத்ததைக் கலக்க டிஜே பெண் தயாரானாள். இரண்டும் ஒரே சுருதி என்றது கணினி. அவள் ஒலியைக் கூட்டப் போன நேரத்தில், முதுகுக்குப் பின்னாலிருந்து "ம்ம்ம்..." என்று அண்ணன் சுருதி பிடித்தான். ஓடும் பாட்டின் உண்மையான சுருதி, கணினி காட்டியதைவிட அரைக்கட்டை கீழே இருந்தது.

"திரைய நம்பாத, காத நம்பு" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவன். அவனை அடக்கம் செய்து ஒரு வருடமாகிறது.

மறுபேச்சில்லாமல் புதுப் பாட்டை அரைக்கட்டை இறக்கினாள். இரண்டும் நகமும் சதையுமாக ஒட்டிக்கொண்டன. கூட்டம் கூரை அதிரக் கத்தியது.

"என் மானத்தக் காப்பாத்திட்ட. நீ நல்லாருக்கணும், அண்ணா," என்றாள், திரும்பிப் பார்க்காமலேயே.

மேடை குறுகலானது. அவனும் நிற்க வேண்டுமே என்று, வழக்கம்போல் ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள்.